தலை எண்ணிக்கையோடு சண்டை வேண்டாம், இடைவெளியைப் பாருங்கள்

கேள்வி: மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான சிறிய அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறேன். ஐ.நா. குழுவுக்கு அரசு அனுப்பும் அறிக்கைக்கு இணையாக நாங்களும் ஒரு மாற்று அறிக்கை தயாரிக்கிறோம். தேசியக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளின் விகிதம் நம்பவே முடியாத அளவுக்குக் குறைவு. இந்தத் தரவை வைத்து உரிமை மறுக்கப்படுவதைக் காட்ட முடியுமா? நாங்களே ஆய்வு நடத்துவதுதான் வழியா?

பதில்:

சொந்த ஆய்வுக்கு இப்போதைக்கு இறங்காதீர்கள். செலவு பிடிக்கும், "உங்கள் ஆட்களிடம் மட்டும் கேட்டீர்கள்" என்று ஒரே வரியில் தள்ளியும் விடுவார்கள். அரசின் சொந்தக் கணக்கை அரசின் முன் வைத்தால் அப்படித் தள்ள முடியாது. ஆனால் அதை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

விகிதம் ஏன் குறைகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 மதிப்பீட்டின்படி உலக மக்களில் சுமார் 16% பேர் குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது 2.21%. இலங்கையின் 2012 கணக்கெடுப்பு, 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7% என்றது. இந்தியாவில் குறைபாடு உள்ளவர் எவராவது உண்டா, உண்டென்றால் எந்த வகை என்று கேட்டார்கள். இலங்கையில் பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டார்கள். வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் "வீட்டில் ஊனமுற்றவர் யாராவது இருக்கிறார்களா?" என்றால், மூட்டுவலியால் படியேற முடியாத பாட்டியை யாரும் சொல்ல மாட்டார்கள். "அது வயசானதால வந்ததுங்க" என்பார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அவளுடைய காது கேளாமை வெளியே வராது.

இந்தச் சிக்கலுக்காகத்தான் ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் வாஷிங்டன் குழு அமைந்தது. அதன் குறுந்தொகுப்பில் ஆறே கேள்விகள்: பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு வைத்தலும் கவனித்தலும், தன்னைத்தானே பராமரித்தல், பிறரோடு தொடர்புகொள்ளுதல். "கண்ணாடி அணிந்திருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா?" என்கிற பாணியில் கேட்பார்கள். சிரமம் இல்லை, ஓரளவு சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என நான்கு விடைகள். ஏதாவது ஒன்றிலாவது "மிகுந்த சிரமம்" அல்லது அதற்கு மேல் சொன்னவரையே நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டில் கணக்கில் சேர்ப்பது குழுவின் பரிந்துரை. "ஓரளவு சிரமம்" என்றவர்களையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை வீங்கும், நீங்கள் காட்ட நினைக்கும் வேறுபாடு கரைந்துவிடும். எண் பெரிதானால் வாதம் வலுக்கும் என்ற ஆசை பலருக்கு உண்டு. இங்கே அது நேர்மாறாக வேலை செய்யும்.

ஆகவே முதலில் வினாப்படிவத்தைத் தரவிறக்கிக் கேள்வியின் சொற்களைப் படியுங்கள், அட்டவணையெல்லாம் பிறகு. முந்தைய சுற்றில் ஒரு விதமாகவும் இந்தச் சுற்றில் வேறு விதமாகவும் கேட்டிருந்தால் "முன்னேற்றம்", "சரிவு" என்று எதையும் எழுதாதீர்கள். மாறியது கேள்வியாகவே இருக்கலாம்.

உங்கள் அறிக்கைக்கு உயிர் தருவது எத்தனை பேர் என்ற எண் அல்ல. ஒரே கணக்கெடுப்பில், ஒரே கேள்விக்கு, குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதே. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வேலையில் இருப்பவர்கள், வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பிரசவம் என எதை எடுத்தாலும் இரண்டு விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்த ஐ.நா. குழு கண்காணிக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை கேட்பது மற்றவர்களுக்குச் சமமான உரிமை. அதை அளக்க மற்றவர்களும் அதே தாளில் இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளிடம் மட்டும் நடத்தப்படும் சிறப்பு ஆய்வுகளில் இந்த ஒப்பீடு பெரும்பாலும் கிடைக்காது. அவற்றுக்கு வேறு பயன் உண்டு. இந்தியாவின் 76ஆவது தேசிய மாதிரி ஆய்வு (2018 ஜூலை–டிசம்பர்), மாற்றுத்திறனாளிகளில் 28.8% பேரிடமே குறைபாட்டுச் சான்றிதழ் இருப்பதாகக் காட்டியது. சலுகைகள் பல அந்தச் சான்றிதழைத்தான் கேட்கின்றன. இந்த ஒரு எண்ணே ஒரு பக்கத்துக்குப் போதும்.

இடைவெளியைக் கணக்கிடும்போது வயதை மறக்காதீர்கள். குறைபாடு உள்ளவர்களில் முதியோர் அதிகம். மொத்தமாக எடுத்தால் வேலையில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பங்கு வெறும் முதுமை. "ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்துவிட்டீர்களே" என்று அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே 25 முதல் 54 வயது வரை பிரித்துவிடுங்கள். ஆண், பெண், நகரம், கிராமம் பிரிப்பதும் நல்லதுதான், ஆனால் மாதிரி தாங்க வேண்டுமே. 10,000 பேர் உள்ள ஒரு மாதிரியில் 2.2% என்றால் 220 பேர். அதில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப் பேர் வேலையில் இருந்தால், "50%" என்ற அந்த எண் 35க்கும் 65க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். கொத்து கொத்தாக வீடுகளைத் தேர்ந்தெடுத்த ஆய்வானால் பிழை வரம்பு இன்னும் விரியும். இதை மாவட்ட வாரியாகப் பிரித்து வரைபடம் போடுவது ஆபத்தான அழகு. கேள்வி மாறாத இரண்டு மூன்று சுற்றுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். தரவோடு வரும் எடைகளை, அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் நாட்டில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்களை, போட்டே கணக்கிடுங்கள். எடை போடாத விகிதம் நாட்டின் விகிதம் ஆகாது.

கணக்கில் வராதவர்களையும் அறிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வீட்டு ஆய்வுகள் காப்பகங்களிலும் மனநல விடுதிகளிலும் அடைபட்டவர்களிடம் பொதுவாகப் போவதில்லை. உரிமை மீறல் மிகக் கடுமையாக நடக்கும் இடங்கள் அவை. மனநலக் குறைபாடுகளையும் ஆறு கேள்விகள் சரியாகப் பிடிப்பதில்லை. சிறுவர்களுக்கு யூனிசெப்புடன் சேர்ந்து வாஷிங்டன் குழு தயாரித்த தனிக் கேள்வித்தொகுப்பு இருக்கிறது, 2 முதல் 17 வயது வரை. இன்னொரு சிக்கல், வீட்டுத் தலைவரே எல்லோருக்காகவும் பதில் சொல்வது. வன்முறை பற்றிய கேள்விக்கு அப்படி வந்த பதிலை நான் தொடவே மாட்டேன்.

எழுதும்போது ஒவ்வொரு இடைவெளியையும் உடன்படிக்கையின் ஒரு பிரிவோடு கட்டுங்கள்: கல்விக்கு 24, உடல்நலத்துக்கு 25, வேலைக்கு 27. எண் தனியாக நின்றால் அது வறுமையா, புறக்கணிப்பா என்று தெரியாது. பள்ளி இடைவெளிக்குப் பக்கத்தில் சாய்தளம் இல்லாத கட்டடங்கள், ஒதுக்கப்படாத நிதி, சேர்க்க மறுத்த நேர்வுகள் இவற்றை வைத்தால்தான் அரசின் கடமை தெரியும்.

தேவையான அட்டவணை வெளியாகியிருக்காவிட்டால் புள்ளியியல் துறைக்கு எழுதிக் கேளுங்கள். பிரிவு 31 தரவைத் திரட்டுவதோடு நிற்கவில்லை. அதைப் பரப்புவதும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி செய்வதும் அரசின் பொறுப்பு என்கிறது. பிரிவு 4(3) அவர்களை அமைப்புகள் வழியாகக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. கடிதத்திலேயே அடுத்த சுற்றின் வினாப்படிவம் எப்போது இறுதியாகிறது என்றும் கேளுங்கள். அச்சுக்குப் போன பிறகு ஆறு கேள்விகளை நுழைப்பது நடக்காத காரியம்.