பாதை மேப்பில் இருக்கிறது, வேலி தரையில் இருக்கிறது

தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "தாண்டிக்குடிப் பக்கம் தாத்தா வாங்கிய 4 ஏக்கர் காப்பித் தோட்டத்துக்குப் போகும் பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் போன தீபாவளிக்குப் பிறகு கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். வீட்டு மரப்பெட்டியில் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஓர் அங்குல மேப் கிடைத்தது, அதில் பாதை தெளிவாக இருக்கிறது. இதை வைத்து ஜெயிக்கலாமா?"

மேப்பை மட்டும் வைத்து முடியாது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். அரசு தயாரித்த மேப் என்பதால் கோர்ட் பார்க்கும். சர்வே நடந்த காலத்தில் அங்கே பாதை இருந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம். அதில் நடக்க யாருக்குப் பாத்தியம் என்பதை அது சொல்லாது. எல்லைக்கும் உதவாது, ஏனென்றால் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கில் அரை மில்லிமீட்டர் கோடே தரையில் 30 மீட்டரைத் தாண்டும், உங்கள் 4 ஏக்கர் முழுசும் சேர்ந்தே அதில் 2 மில்லிமீட்டர் சதுரம்தான். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் பிடிப்பார்.

"வேறு பக்கமாக ஏறிப் போகட்டுமே" என்றும் அவர்கள் சொல்வார்கள். அங்கேதான் மேப்பில் மலையின் உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் கைகொடுக்கும்: அவை நெருங்கி நெருங்கி இருந்தால் செங்குத்துச் சரிவு. ஆனால் சிரமம் என்பது போதாது, வேறு வழியே இருக்கக் கூடாது, அதோடு இரண்டு தோட்டமும் ஒரு காலத்தில் ஒரே ஆளிடமிருந்து பிரிந்ததாக இருந்தால்தான் அவசியத்தின் பேரில் வழி கேட்கலாம். மூலப்பத்திரத்தைத் தேடுங்கள்.

அப்புறம், தாலுகா ஆபீசில் எஃப்எம்பி (புல அளவு வரைபடம்), 'அ' பதிவேடு (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு) இரண்டுக்கும் நகல் வாங்குங்கள். பாதை புறம்போக்கு என்று இருந்தால் வேலி போட அவருக்கு உரிமையே இல்லை, தாசில்தாருக்கு மனு கொடுங்கள். அவருடைய பட்டா நிலம் என்றால் அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம்தான்: அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவு இல்லாமல், தடையின்றி 20 வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த 20 வருடம் வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். வேலி போட்ட நாளிலிருந்து காலம் ஓடுகிறது, பஞ்சாயத்துப் பேசியே அதைக் கரைத்துவிடாதீர்கள். நீங்கள் பழம் பறிக்கிற சீசனுக்கு மட்டும் போய் வந்தவர் என்றால், அந்த வழியில் காப்பி மூட்டை சுமந்தவர்கள்தான் உங்கள் பலம், மேப்பை விடப் பெரிய பலம். வயதானவர்களாக இருப்பார்கள், முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள்.

வழக்கைத் தேவகோட்டையில் போட முடியாது. நிலம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, அங்குள்ள சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். போட்டதும், இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரையும் சர்வேயரையும் அனுப்பக் கேட்டு மனு கொடுங்கள்.