சோதனை பச்சை, விடை தப்பு

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ச் சொற்களில் ஒரு சின்ன நிரல்மொழி செய்திருக்கிறேன். என் கம்பைலர் அதை சி மொழிக்கு மாற்றும். சோதனைக் கோப்புகள் இருநூறுக்கு மேல், எல்லாமே பச்சை, அதாவது தேறிவிட்டன. போன வாரம் குன்னூரில் வகுப்பு எடுத்தபோது ஒரு மாணவி -7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்துப் பார்த்தார். -3 வந்தது. எங்கள் மொழியில் -4 வர வேண்டும். அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, அதுவும் பச்சை. எங்கே கோட்டை விட்டேன்?
கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: விடை தப்பியதற்குக் காரணம் எளிது. 1999-இன் தரத்திலிருந்து சி மொழி முழு எண் வகுத்தலைப் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும், அதனால் -3. பைத்தானைப் போலக் கீழ்நோக்கி இறக்கினால்தான் -4. நீங்கள் சி-யின் வகுத்தல் குறியை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த அதிக நேரம் ஆகாது. அந்தச் சோதனை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

நீங்கள் அனுப்பிய கோப்பை பைட் பைட்டாகப் பார்த்தேன். எதிர்பார்க்கும் விடையை '// தோன்றும்: -4' என்று கமென்டில், அதாவது கம்பைலர் கண்டுகொள்ளாத குறிப்பு வரியில், எழுதுகிறீர்கள். சோதனைகளை ஓட்டிப் பார்க்கும் ரன்னர் அந்தச் சொல்லைத் தேடுகிறது. கிடைத்தால் விடையை ஒப்பிடுகிறது; கிடைக்காவிட்டால் நிரல் ஓடி முடிந்ததா என்று மட்டும் பார்க்கிறது. இந்தக் கோப்பில் 'தோ' என்ற எழுத்தில் ஓகாரம் ஒரே குறியாக இல்லை. இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாக இருக்கிறது. யூனிகோடு கணக்கில் இரண்டும் சமம், திரையிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் ரன்னர் குறிகளை அப்படியே ஒப்பிடுகிறது. வேறு கணினியில், வேறு விசைப்பலகையில் தட்டியிருப்பீர்கள். சோதனை வரி வெறும் கமென்டாகிவிட்டது.

படிக்கும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் சீர்வடிவம்) மாற்றினால் இந்தக் கோப்பு சரியாகிவிடும். (கம்பைலருக்குள் மாறிப் பெயர்களுக்கும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிள்ளை 'கோழி' என்று இரண்டு விதமாகத் தட்டி, ஏன் இரண்டு மாறிகள் என்று புரியாமல் விழிக்கும்.) ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ள எழுத்தையே தட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை என்எஃப்சி திருத்தாது, சாதாரண எழுத்துப்பிழையையும் திருத்தாது. புரியாத குறிப்பைக் கண்டால் உங்கள் ரன்னர் பேசாமல் தாண்டிப் போகிறதே, நோய் அங்கேதான்.

பெரிய கம்பைலர்களிலும் இந்த நோய் உண்டு. கம்பைலர் கட்ட உதவும் எல்எல்விஎம் திட்டத்தின் ஃபைல்செக் என்ற சோதனைக் கருவி, கோப்பில் ஒரு செக் வரிகூட (எதிர்பார்க்கும் விடையைச் சொல்லும் வரி) இல்லையென்றால் பிழை சொல்லும். ஆனால் பத்து வரிகளில் ஒன்றில் மட்டும் எழுத்து மாறிப்போனால் பெரும்பாலும் அதைக் கமென்டாக எண்ணி விட்டுவிடும். ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலரில் சோதனைக் கட்டளைகள் வெறும் // கமென்டில்தான் இருந்தன. 2024-இல் அவற்றை //@ என்ற தனிக் குறிக்கு மாற்றினார்கள். அந்தக் குறிக்குப் பின் தெரியாத சொல் வந்தால் சோதனை தோற்கும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு கட்டளையும் இல்லாத கோப்பும் தோற்க வேண்டும். விடை பார்க்க வேண்டாத கோப்பு, 'ஓடினால் போதும்' என்று தானே சொல்லட்டும்.

'இந்தச் சொல் வரக்கூடாது' என்ற வகைச் சோதனைகளை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். கம்பைலர் தரும் எச்சரிக்கையின் வாசகத்தை நாளை நீங்கள் மாற்றினால், அந்தப் பழைய சொல் எந்நாளும் வராது, சோதனை எந்நாளும் பச்சை. அதே வாசகம் வந்தே தீர வேண்டிய ஒரு சோதனையை அதற்குத் துணையாக வையுங்கள்.

பிழை வர வேண்டிய சோதனைகளில், கம்பைலர் நொறுங்கி விழுந்தாலும் 'தோற்றது, சரி' என்று கணக்காகிவிடும். எல்எல்விஎம்-இல் 'நாட்' என்ற சிறு கருவி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. நீங்கள் வரி எண்ணையும் பிழைச் செய்தியையும் சேர்த்து ஒப்பிட்டால் போதும். ரன்னரை பேஷ் என்ற கட்டளை மொழியில் எழுதி, கட்டளைகளை ஒன்றோடொன்று பைப்பால் இணைத்திருந்தால், பைப்ஃபெயில் என்ற அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் கடைசிக் கட்டளை வென்றதா தோற்றதா என்று சொல்லும் எக்ஸிட் கோடு மட்டும்தான் கைக்கு வரும்.

இதையெல்லாம் செய்தாலும் ரன்னரை எப்படி நம்புவது? கொழுந்து எடையில் சந்தேகம் வந்தால் எடை தெரிந்த படிக்கல்லைத் தராசில் வைத்துப் பார்ப்போம் இல்லையா, அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். தனி ஃபோல்டரில் வேண்டுமென்றே கெடுத்த கோப்புகள் சிலவற்றை வையுங்கள்: தப்பான விடை உள்ளது ஒன்று, கட்டளையில் எழுத்துப்பிழை உள்ளது ஒன்று, கட்டளையே இல்லாதது ஒன்று, கம்பைலரை நொறுக்குவது ஒன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் இவை ஓடட்டும். இவற்றில் ஒன்று பச்சை காட்டினாலும் அந்த ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும். மற்றதைத் தள்ளிப்போட்டாலும் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

புதிய ரன்னரை இயக்கியதும் இன்னும் சில கோப்புகள் சிவப்பாகலாம். அப்போது, கிடைத்த விடையையே எதிர்பார்த்த விடையாகத் தானாக எழுதும் வசதியைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றையும் கையால் கணக்குப் போட்டுத் திருத்துங்கள். அந்த வசதி, மாணவி கண்டுபிடித்த -3-ஐயே சரியான விடையென்று எழுதி வைத்துவிடும்.