கருத்துக்கேட்புக் கூட்டம்: கைதட்டலை நம்பாதீர்கள், காகிதத்தை நம்புங்கள்

கேள்வி: எங்கள் கிராமத்தில் 4.2 ஹெக்டேரில் கல்குவாரி வரப்போகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் மூன்று வாரத்தில் நடக்கும் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. என் வீடு 250 மீட்டருக்குள் இருக்கிறது. கிணறு இன்னும் கிட்டே. "5 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் கூட்டமே தேவையில்லை, இது வெறும் சம்பிரதாயம். கையெழுத்துப் போடுங்கள், ஊருக்கு ரோடு வரும்" என்று ஒருவர் வீடு வீடாக வருகிறார். கூட்டத்தில் எல்லோரும் வேண்டாம் என்றால் குவாரி நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. அது ஓட்டெடுப்பு இல்லை. 2006 செப்டம்பர் 14 மத்திய அரசு அறிவிக்கையின்படி நடக்கும் இந்தக் கூட்டத்தில் கலெக்டரோ அவருக்குப் பதில் டி.ஆர்.ஓ.வோ (மாவட்ட வருவாய் அலுவலர்) உட்கார்ந்து கேட்பார், அவ்வளவுதான். அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் பந்தலுக்கு வந்தவர்கள் இல்லை. அவர்கள் மேசைக்குப் போவது நடவடிக்கைக் குறிப்பும் வீடியோப் பதிவும் எழுத்து மனுக்களும். முன்னூறு பேர் போட்ட கூச்சல் அந்தக் குறிப்பில் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரே வரியாகச் சுருங்கும். சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்த மனுவை அப்படிச் சுருக்க முடியாது. அதில் கேட்ட கேள்விக்குக் குவாரி நிறுவனம் தன் இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்தக் கையெழுத்துக்காரர். கூட்ட வாசலில் வைக்கிற வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவது சம்மதம் ஆகாது. ஆனால் வீடு தேடி வருகிற தாளுக்குத் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாள், "வேலைவாய்ப்புக் கோரி", "ஊர் நலன் கருதி" என்று வருகிற எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பிறகு அதுவே "கிராம மக்களின் ஆதரவுக் கடிதம்" என்று கோப்பில் முளைக்கும். ரோடு போடுவதாக இருந்தால் அதை நிறுவனமே கூட்டத்தில் தொகையோடு சொல்லட்டும், குறிப்பில் ஏறட்டும்.

அவர் சொன்ன 5 ஹெக்டேர் கணக்கு பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் ஊர்கள் ஏமாறுகின்றன. தனியாக நிற்கிற குவாரி 5 ஹெக்டேருக்குள் இருந்தால் கூட்டம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு குவாரியின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இன்னொரு குவாரியின் எல்லை வந்தால் இரண்டையும் சேர்த்துத் தொகுப்பாகத்தான் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து நடுவுக்கு இல்லை, விளிம்பிலிருந்து விளிம்புக்கு. இங்கே 4.2, பக்கத்தில் 2.6 என்றால் மொத்தம் 6.8 ஹெக்டேர், தாக்க அறிக்கையும் வேண்டும், கூட்டமும் வேண்டும். 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) சொன்ன பிறகுதான் இந்த நிலை உறுதியானது. அதற்கு முன் 4.9, 4.8 என்று நறுக்கி நறுக்கியே எத்தனையோ குன்றுகளைக் கரைத்தார்கள். உங்கள் ஊரில் கூட்டம் வைக்கிறார்கள் என்றால் தொகுப்பு 5ஐத் தாண்டுகிறது என்று பொருள். யாரும் சலுகை செய்யவில்லை.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மூன்று வருடத்துக்கு மேல் ஓடாத குவாரியையும், 2016 ஜனவரி 15க்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியதையும் தொகுப்புக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 500 மீட்டருக்குள் என்னென்ன குவாரிகள் என்று கனிமவளத் துறை உதவி இயக்குநர் கொடுக்கும் கடிதம், நிறுவனத்தின் வரைவுத் தாக்க அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். அதில் ஓடுகிற குவாரிகள், காலாவதியானவை, புதிதாகக் கேட்பவை என்று தனித்தனி அட்டவணை. தினமும் லாரி போகிற குவாரி "காலாவதி" பட்டியலில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் தேதி தெரிகிற லாரிப் படத்தோடு அதையே மனுவின் முதல் பாயிண்டாக வையுங்கள்.

அடுத்தது உங்கள் வீடு. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் விதி 36, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி குத்தகை கூடாது என்கிறது. ஆனால் "குடியிருப்பு" என்றால் வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற மனையாக இருக்க வேண்டும். விவசாயப் பட்டாவில் கட்டிய வீடு என்றால் வி.ஏ.ஓ. சான்றில் "300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று தலைமுறையாக ஆள் இருக்கிற வீடு, ஒரு பதிவேட்டு வரி இல்லாததால் வீடே இல்லை! ஆகவே வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பட்டா மூன்றையும் நகலெடுத்து இணையுங்கள். தூரத்தை நீங்களே அளக்கலாம். அறிக்கையில் குத்தகை எல்லைத் தூண்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அட்டவணை இருக்கும். அதை கூகுள் எர்த்தில் குறித்து, உங்களுக்குக் கிட்டத்துத் தூணிலிருந்து வீட்டுக்கு அளவுகோல் இழுத்து, அந்தப் படத்தை அச்செடுங்கள்.

வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்திலும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், ஊராட்சியிலும் பார்வைக்கு இருக்க வேண்டும். "சார் லீவு" என்பார்கள். மறுநாளும் போங்கள். தமிழில் சுருக்கம் மட்டும்தான் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில். பாதிக்கப்படுகிறவன் படிக்க முடியாத மொழியில் எழுதிவிட்டு அவனிடமே கருத்துக் கேட்பது என்ன நியாயமோ. ஊரில் படித்த பிள்ளைகளை உட்காரவைத்து மூன்றை மட்டும் தேடச் சொல்லுங்கள்: குழியின் இறுதி ஆழம், நிலத்தடி நீர்மட்டம், சுற்றியுள்ள கிணறுகளின் பட்டியல். வேறு மாவட்டத்து ஊர்ப்பெயர் நடுவில் எட்டிப்பார்த்தால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொய்த் தகவல் கொடுத்தால் விண்ணப்பத்தையே நிராகரிக்கலாம் என்று அந்த 2006 அறிவிக்கையின் 8ஆம் பத்தி சொல்கிறது.

மனு இரண்டு பக்கம் போதும். கிணற்றின் சர்வே எண், ஆழம், கோடையில் நிற்கும் நீர், குவாரியிலிருந்து தூரம்; கடைசியில் கேள்வி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வாரிய அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், ரசீது பத்திரம்.

கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். பெரும்பாலான ஊர்கள் தோற்பது இங்கேதான். நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் அங்கேயே வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் வீடியோ ஓடும்போதே எழுந்து சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால், சென்னை பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91ஆவது நாள் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. "ஸ்டே வாங்கித் தருகிறேன், வீட்டுக்கு ஐயாயிரம் போடுங்கள்" என்று இரண்டாவது ஆள் வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இழப்பீடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கோப்பு எண்ணைப் போட்டு வாரம் ஒருமுறை பார்த்துவரும் வேலையை, இன்றைக்கே ஊரில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.