மைக்ரோபயாலஜி படிக்கும் மகளுக்கு இரும்புத் துருவிலும் வேலை உண்டு

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஆஸ்பத்திரி லேப்பை விட்டால் வேறு வழியே இல்லையா என்று குளச்சலிலிருந்து கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. உலோக அரிப்புத் துறையைப் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அதில் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. குழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாக ஒட்டும். மேலடுக்கில் உள்ளவை ஆக்சிஜனைத் தீர்த்துவிட, அடியில் டெசல்ஃபோவிப்ரியோ போன்றவை சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். இரும்பு கறுப்பு சல்பைடாகும். சுவர் முழுவதும் தேயாது. அங்கங்கே குழி விழுந்து, ஒருநாள் ஓட்டையாகிவிடும். புதுக் குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் சோதித்துவிட்டு வடிக்காமல் போட்டால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட வெல்டு ஓரத்தில் ஓட்டை விழக்கூடும்.

இந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை இப்படி: 9 மி.லி. வளர்ப்பு ஊடகம் (பாக்டீரியா வளர்வதற்கான சத்துக் கரைசல்) உள்ள மூடிய குப்பியில் சிரிஞ்சால் 1 மி.லி. மாதிரியை ஏற்ற வேண்டும். அதிலிருந்து 1 மி.லி. அடுத்த குப்பிக்கு, இப்படியே பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டு போய், 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். எத்தனையாவது குப்பி வரை கறுத்தது என்பதை வைத்து எண்ணிக்கை வரும். பிசகுவது பெரும்பாலும் மாதிரி எடுப்பதில்தான். பாக்டீரியா சுவரில் ஒட்டியிருக்க, தண்ணீரை மட்டும் மொண்டு வருவார்கள். படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், காற்றுப்படாமல் கொண்டுவர வேண்டும். ஊடகத்தின் உப்பளவு மாதிரியோடு ஒத்துவராவிட்டாலும் வளராது, 'பாக்டீரியா இல்லை' என்று தப்பான அறிக்கை போய்விடும். மைக்ரோபயாலஜி படித்த கை அங்கேதான் தேவைப்படுகிறது.

ஆனால் மின்வேதியியலும் தெரிய வேண்டும். எம்.எஸ்சி. வரை படிக்கட்டும். கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் மைக்ரோபயாலஜியைத் தேர்ந்தெடுக்கலாம். வேதியியல் பகுதி கட்டாயம். புராஜெக்ட் செய்யக் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இடம் கிடைக்குமா என்று துறைத்தலைவர் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். வேலை விளம்பரங்களில் 'பாக்டீரியா அரிப்பு' என்று தேடினால் அதிகம் கிடைக்காது. 'வாட்டர் ட்ரீட்மென்ட்', 'கரோஷன்' என்று தேட வேண்டும். அனல்மின், அணுமின் நிலையங்கள், எண்ணெய்க் குழாய்கள், அவற்றுக்கு ரசாயனம் தரும் கம்பெனிகள் என்று வெளியூரில்தான் பெரும்பாலும் அமையும். வேதியியல் என்றாலே ஒதுங்குகிற பிள்ளையாக இருந்தால் மட்டும் இதில் தள்ளிவிடாதீர்கள்.