ஒரே அறையில் ஒருவருக்குக் குளிர்கிறது, இன்னொருவருக்கு வியர்க்கிறது. ஏன்?

மன உறுதிதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போர்வை தேடுபவர், மின்விசிறி தேடுபவர் இருவரின் உள்ளுடலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். அந்த வெப்பத்தை எவ்வளவு உண்டாக்குகிறோம், எவ்வளவு வேகமாக இழக்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

தசை அதிகம் உள்ளவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குவார். இழப்பது பெரும்பாலும் தோல் வழியாக. சிறிய உடலுக்கு, எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். குழந்தைகள் சட்டென்று குளிர்ந்துவிடுவது இதனால்தான்.

"இவ்வளவு பருமனாக இருந்தும் குளிர்கிறதா?" என்ற கேலி அபத்தமானது. கொழுப்பு உள்வெப்பத்தைத் தோலுக்கு எளிதில் விடாது. அதனால் மேல்தோல் குளிர்ந்தே இருக்கலாம். மூளைக்குக் குளிர்ச் செய்தி முதலில் போவதோ தோலிலிருந்துதான். பெண்கள் பலருக்குக் கை, கால் சில்லிடுவதும் இப்படித்தான்: உள்வெப்பத்தைக் காக்க, விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இறுகிவிடுகின்றன. என் விரல்களும் அந்த ரகம்தான். உடம்பு நன்றாக இருக்கும்போதே கை மட்டும் பனிக்கட்டியாகிவிடும்.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற தசைப் புரதம் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே இல்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்களை 14 டிகிரி நீரில் உட்காரவைத்தார்கள்; அந்தப் புரதம் இல்லாதவர்களே உடல் வெப்பத்தை நன்றாகத் தக்கவைத்தார்கள்.

வெயிலைப் பொறுத்தவரை பழக்கம் நிறையவே மாற்றும். ஒன்றிரண்டு வாரம் வெப்பத்தில் உழைத்தால் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். முதல் நாள் மயங்கியவர் பிறகு சாதாரணமாக வேலை செய்வார்.

முதியவர்கள் விஷயம்தான் எனக்குக் கவலை. அவர்களுக்கு வியர்வையும் தாக உணர்வும் குறைந்துபோகும். "எனக்கு ஒன்றும் சூடாகத் தெரியவில்லை" என்று சொல்லும்போதே உள்வெப்பம் ஏறிக்கொண்டிருக்கலாம். ஆகவே அவர்கள் கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள்.

இதுவரை இல்லாமல் திடீரென்று குளிர் தாங்க முடியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்புக் குறைவோ ரத்தசோகையோ காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.