நெகட்டிவில் கோடு போடும் கேமரா: கேள்வி பதில்

ஃபிலிம் கேமராவில் தயாரிப்புக் குறையால் விழும் கீறல்களைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். கேமராவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கும் முன் முதல் பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இளங்கோ: சார், புது 35 மி.மீ. கேமராவில் மூன்று ரோல் எடுத்தேன். மூன்றிலும் ஒரே இடத்தில் நீளமாக ஒரு கோடு. ஃபிலிம் கழுவிய லேபில் கேட்டால் கேமராதான் என்கிறார்கள். கேமரா விற்றவர் லேப்தான் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

கழுவாத ஃபிலிமிடமே கேளுங்கள். காலாவதியான ரோல் ஒன்று போதும். கேமராவில் மாட்டி, 12 படம் வரை சாதாரணமாகச் சுற்றிக் கிளிக் செய்யுங்கள். ரீவைண்ட் செய்யக் கூடாது. செய்தால் அதே ஃபிலிம் அதே வழியில் திரும்பிப் போய் இன்னொரு கீறலும் சேர்ந்துகொள்ளும், எது எங்கே விழுந்தது என்று தெரியாது.

இப்போது வெளிச்சத்திலேயே பின்கதவைத் திறங்கள். உங்களைப் பார்த்திருக்கும் பளபளப்பான பக்கத்தில் மெல்லிய பெர்மனென்ட் மார்க்கரால் நான்கு இடங்களில் குறுக்கே கோடு போடுங்கள்: கேசட்டின் வாய், கேட்டின் (படம் பதியும் செவ்வகத் திறப்பு) இடது ஓரம், வலது ஓரம், ஃபிலிம் துளைகளில் பல் மாட்டி இழுக்கும் ஸ்ப்ராக்கெட் சக்கரம். கேசட் வாயருகே கத்தரியால் வெட்டி, ஃபிலிமை எதிலும் உரசாமல் தூக்கி எடுங்கள். டார்ச்சை ஏறக்குறைய படுக்க வைத்தாற்போல் பிடித்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் இரண்டு பக்கமும் பாருங்கள். மங்கலான எமல்ஷன் பக்கத்தில், அதாவது ஒளி பதியும் பூச்சு உள்ள பக்கத்தில், கீறல் மினுமினுக்கும் இழையாகத் தெரியும்.

கோடு எந்தக் குறியைத் தாண்டியதும் தொடங்குகிறதோ, குற்றவாளி அங்கேதான். கேசட்டில் மிச்சமிருக்கும் ஃபிலிமிலிருந்து ஓர் அடி நீளத்தைக் கையால் உருவிப் பாருங்கள். அதிலும் அதே கோடு இருந்தால் தப்பு கேசட் வாயில் ஒளி புகாமல் அடைக்கும் வெல்வெட்டில். கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். எங்குமே கோடு இல்லையென்றால் ரீவைண்ட் செய்த இன்னொரு ரோலையும் கழுவாமல் பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் லேபின் உருளைகளையோ, ஈர ஃபிலிமை வழிக்கும் ரப்பரையோ சந்தேகப்படலாம்.

கவிதா: என்னிடம் கழுவிய நெகட்டிவ் மட்டும்தான் இருக்கிறது. கீறல் எந்தப் பக்கம் என்று எப்படிப் பார்ப்பது?

ஃபிலிமின் ஓரத்து எழுத்துகள் நேராகப் படிக்க வந்தால் நீங்கள் பேஸ் பக்கத்தை, அதாவது பூச்சைத் தாங்கும் பளபளப்பான பிளாஸ்டிக் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். அதைத் திருப்பினால் எமல்ஷன். விளக்கின் பிரதிபலிப்பு ஃபிலிமில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் அந்தப் பிரதிபலிப்பைக் கோடு அறுக்கிறதோ அங்கேதான் கீறல்.

பிரிண்டிலும் ஒரு துப்பு உண்டு. பேஸில் கீறல் என்றால் ஒளி அங்கே சிதறும், பிரிண்டில் வெள்ளைக் கோடு. எமல்ஷன் சுரண்டப்பட்டிருந்தால் ஒளி கூடுதலாகப் போகும், கறுப்புக் கோடு. கலர் நெகட்டிவில் மேலடுக்கு மட்டும் போயிருந்தால் நிறக்கோடாக வரும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். எமல்ஷன் உரிந்து போகாமல் அழுத்தம் மட்டும் பட்டாலும் அந்த இடம் கழுவும்போது கறுக்கலாம். அப்போது எமல்ஷன் பக்கத்துக் குறையும் பிரிண்டில் வெள்ளையாகத்தான் வரும்.

ஜோசப்: கோடு எப்போதும் வானத்தில் விழுகிறது. அப்படியானால் கேமராவின் உள்ளே மேல்பக்கம் பார்க்க வேண்டுமா?

கீழ்ப்பக்கம். லென்ஸ் படத்தைத் தலைகீழாக அல்லவா விழச் செய்கிறது! படத்தின் மேல் விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளிக் கோடு இருந்தால், கேட்டின் கீழ் விளிம்பிலிருந்து 4 மி.மீ. மேலே தேடுங்கள். கேட்டுக்கு வெளியே தேடும்போது ஃபிலிமின் ஓரத்திலிருந்து அளப்பது எளிது: 35 மி.மீ. அகலத்தில் படம் 24 மி.மீ., மீதி மேலும் கீழும் 5.5 மி.மீ. வீதம். அப்படியானால் இந்தக் கோடு கீழ் ஓரத்திலிருந்து 9.5 மி.மீ. உயரத்தில் ஓடுகிறது. அந்த உயரத்தில் ஃபிலிமைத் தொடும் பாகங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது.

ஃபாத்திமா: எனக்குத் தொடர்ச்சியான கோடு இல்லை. சின்னச் சின்னக் கீறல்கள், சம இடைவெளியில்.

அப்படியென்றால் சுற்றும் பாகம் ஒன்றில் குறை. இடைவெளியை அளந்து 3.14-ஆல் வகுத்தால் அந்தப் பாகத்தின் விட்டம் கிடைக்கும். 12.5 மி.மீ.க்கு ஒரு கீறல் என்றால் ஏறக்குறைய 4 மி.மீ. விட்டமுள்ள உருளை. சரியாக 38 மி.மீ.க்கு ஒன்று என்றால், அது இடைவெளியோடு சேர்த்து ஒரு ஃபிரேமின் நீளம், அதாவது 8 துளை. 8 பல் உள்ள ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுச் சுற்றும் தூரமும் அதுதான். அதன் பல்லையும் தண்டையும் பாருங்கள்.

சரவணன்: தயாரிப்புக் குறை என்று சொல்கிறோமே, உள்ளே உண்மையில் என்னதான் தப்பாகிறது?

பெரும்பாலும் பிசிறு. வார்ப்பிலோ தகடு வெட்டும்போதோ ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறைக் கடைசியில் யாரோ ஒருவர் வழித்திருக்க வேண்டும், விட்டுப் போயிருக்கும். கேட் திறப்பின் இடது வலது ஓரங்களில் இது நின்றால் எமல்ஷனில் கோடு. கேட்டுக்கு மேலும் கீழும் இருக்கும் உள் தண்டவாளங்கள் ஃபிலிமின் துளைப் பகுதியைத்தான் தாங்குகின்றன, அதனால் படத்துக்குள் விழும் கோட்டுக்கு அவை காரணமாகா. சந்தேகப்பட வேண்டியது அந்த இடது வலது ஓரங்களை.

அடுத்தது, சுழலாத உருளை. பின்கதவில் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராக ஓர் உருளை இருக்கும். அதன் இரு முனையும் தகட்டில் நெருக்கிப் பிடிக்கப்பட்டால் உருளை நின்றுவிடும், ஃபிலிம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒல்லியாகக் கடைந்த உருளை என்றால் துளைப் பகுதி மட்டும் தேயும். சீரான உருளை என்றால் பேஸில், படத்தின் மேலேயே கோடு. ஃபிலிம் இல்லாமல் கதவைத் திறந்து விரல் நுனியால் உருட்டினாலே இது தெரிந்துவிடும்.

பின்கதவில் ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் துருத்தும் ரிவெட், மேற்பூச்சில் மேடு, சரியாக மடியாத ஓரம் எல்லாம் பேஸைக் கீறும். சுருட்டும் அறையின் சுவரையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எமல்ஷன் வெளிப்பக்கமாகச் சுருளும் கேமராக்களில் ரோல் பருக்கப் பருக்கச் சுவரை நெருங்கும். 25-ஆம் படம்வரை சுத்தமாக இருந்து அதற்கு மேல் கீறல் கூடிக்கொண்டே போனால், அங்கே துருத்தும் திருகோ வார்ப்புத் தழும்போ இருக்கிறது.

பழைய கேமராவில் இன்னொன்றையும் விலக்கிவிடுங்கள். பின்கதவின் நுரைப்பட்டை மக்கிக் கறுப்புத் துகளாகி பிளேட்டில் ஒட்டியிருக்கும். அது வயதின் கோளாறு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மரக்குச்சியால் வழித்து எடுத்தால் போய்விடும்.

இளங்கோ: சார், நீங்கள் சொன்னபடி பார்த்தேன். கேட்டின் வலது ஓரத்திலிருந்துதான் கோடு தொடங்குகிறது, எமல்ஷன் பக்கம். நானே சரிசெய்யலாமா?

உத்தரவாதம் இருந்தால் தொடாதீர்கள், கடைசிப் பதிலைப் பாருங்கள். இல்லையென்றால் செய்யலாம், பொறுமை வேண்டும்.

முதலில் பிசிறைப் பிடியுங்கள். பஞ்சுக்குச்சியின் பஞ்சைக் கொஞ்சம் கலைத்து, ஓரத்தின் மேல் ஃபிலிம் போகும் திசையில் மெல்ல இழுங்கள். பிசிறு இருந்தால் ஓர் இழையாவது மாட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பிசிறும் பஞ்சில் சிக்கும்.

லென்ஸ் கேமராவிலேயே இருக்கட்டும், கழற்றினால் மூடி போடுங்கள். கெட்டித்தாளை 34 × 23 மி.மீ. அளவில் வெட்டி, ஷட்டரைத் தொடாதபடி கேட் திறப்பில் வைத்து, நீங்கள் தொடாத எதிர் ஓரத்தில் மட்டும் ஒட்டு வலுக்குறைந்த டேப்பால் பிடித்து வையுங்கள். பின்கதவைத் திறந்து, கேட் கீழ்நோக்கி இருக்கும்படி கேமராவைப் பிடியுங்கள். துகள் உள்ளே போகாமல் கீழே விழும். 2000 எண் உப்புத்தாளை 3 மி.மீ. பட்டையாக வெட்டி மூங்கில் குச்சியில் ஒட்டி, ஓரத்தின் நீளவாக்கில் ஐந்தாறு முறை, எடை கொடுக்காமல் தேயுங்கள். மீண்டும் பஞ்சு. இழை சிக்கவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். பல்குத்தும் குச்சியில் மெட்டல் பாலிஷ் துளி தொட்டு மெருகேற்றி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, ஊதுகுமிழால் ஊதுங்கள். பூச்சு போய் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் ஒளி பட்டுத் தெறிக்கும். கறுப்பு பெர்மனென்ட் மார்க்கரால் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு மறுபடியும் அந்த 12 படச் சோதனை.

தண்டவாளங்களில் உப்புத்தாள் படவே கூடாது. வெளித் தண்டவாளத்தில் பிளேட் உட்காருகிறது, உள் தண்டவாளத்தில் ஃபிலிம் போகிறது. இரண்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 0.2 மி.மீ.தான். அதைக் குலைத்தால் கீறல் போய் ஃபோகஸ் கெட்டுவிடும்.

மேரி: பிரஷர் பிளேட்டில் ஒரு குழி. தேய்த்துச் சமப்படுத்தலாமா?

வேண்டாம். குழி கீறாது, மேடுதான் கீறும். குழியின் விளிம்பு எழும்பியிருந்தால் அதை மட்டும் மெருகேற்றுங்கள். பூச்சு உரிந்திருந்தால் பிளேட்டையே மாற்றுவதுதான் சரி.

தினேஷ்: 120 ஃபிலிம் (காகிதத்தோடு சுருட்டி வரும் அகல ஃபிலிம்) போடும் பிளாஸ்டிக் கேமரா. உள்ளே ஓரமெல்லாம் சொரசொரப்பு.

அச்சில் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்பது. 120-இல் எமல்ஷன்தான் அந்த ஓரத்தின் மேல் இழுபடும். பின்னால் இருக்கும் காகிதம் அந்தப் பக்கத்தைக் காப்பாற்றாது. கழற்றி மாட்டும் சட்டம் இருந்தால் அதை வெளியே எடுத்து 600, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஓரம் கூர்மையாக இல்லாமல் சற்று உருண்டு இருக்க வேண்டும். கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், உரிந்தால் அதுவே அடுத்த கீறல்.

அன்பு: 30.5 மீட்டர் சுருளிலிருந்து நானே கேசட்டில் சுற்றுகிறேன். சில ரோலில் மட்டும் கோடு.

சில ரோலில் மட்டும் என்பதே பதில். கேமரா என்றால் எல்லா ரோலிலும் வந்திருக்கும். கேசட்டுகளுக்கு எண் போட்டு, எந்த எண்ணில் கோடு வருகிறது என்று எழுதி வையுங்கள். வெல்வெட்டில் ஒரு மணல் துகள் போதும். சுற்றும் கருவியின் வெல்வெட் வாயையும் பாருங்கள். 1934-இல் கோடாக் கொண்டுவந்த 135 கேசட், அதாவது வழக்கமான 35 மி.மீ. கேசட், ஒருமுறைப் பயன்பாட்டுக்கு ஏற்றது. லைகா, நிக்கான், கியெவ் கேமராக்களுக்கென்று வந்த உலோகக் கேசட்டுகளில் வெல்வெட்டே இல்லை. கேமராவை மூடிப் பூட்டும்போது வாய் அகலத் திறந்துகொள்ளும், உரசலுக்கு இடமில்லை. உங்கள் கேமரா ஏற்றுக்கொண்டால் அவை அருமையானவை.

ரேவதி: ரோல் போட்டதும் முழுவதையும் சுற்றிவிட்டு, எடுக்க எடுக்க உள்ளே இழுக்கும் தானியங்கி கேமரா. சோதனை மாறுமா?

மாறும். அதில் ஃபிலிம் கேட்டை இருமுறை கடக்கும். முழுவதும் சுற்றி முடித்ததும், ஒரு படம்கூட எடுக்காமல் கதவைத் திறந்து ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். அடுத்த ரோலில் 12 படம் எடுத்துவிட்டுத் திறந்து, கேசட்டுக்குள் திரும்பிப் போன பகுதியைப் பாருங்கள்.

கவிதா: கீறல் விழுந்த நெகட்டிவை என்ன செய்வது? திரும்ப எடுக்க முடியாத படங்கள்.

பேஸ் கீறல் என்றால் நம்பிக்கை நிறைய. கீறலை நிரப்பினால் ஒளி சிதறாது. ஸ்கேன் என்றால் அதற்கென்று விற்கும் திரவத்தில் நனைத்து ஒட்டும் முறை. டார்க்ரூமில் பழைய கைவைத்தியம், மூக்கோரத்து எண்ணெய்ப் பசையை விரலில் தொட்டு பேஸ் பக்கம் மட்டும் பூசுவது. சிரிக்காதீர்கள், வேலை செய்யும். லென்ஸால் ஒளியைக் குவிக்கும் கன்டென்சர் என்லார்ஜரைவிட (பிரிண்ட் போடப் படத்தைப் பெரிதாக்கும் கருவி) ஒளியைப் பரப்பும் என்லார்ஜரில் கீறல் குறைவாகத் தெரியும்.

எமல்ஷனே போயிருந்தால் நிரப்ப ஒன்றுமில்லை, ரீடச் செய்வதுதான் வழி. ஸ்கேனரின் அகச்சிவப்பு வழிச் சுத்தம் கலர் நெகட்டிவுக்கும், கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற கறுப்பு வெள்ளைக்கும் உதவும். வெள்ளி தங்கும் சாதாரணக் கறுப்பு வெள்ளையில் அதை அணைத்து வையுங்கள். வெள்ளியும் அகச்சிவப்பை மறைப்பதால் படத்தையே அழுக்கு என்று நினைத்துவிடும்.

சரவணன்: உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்த கேமராவும் அதே இடத்தில் கீறுகிறது. இனி என்ன?

அதே உயரம், அதே பக்கம் என்றால் அந்தத் தொகுதி முழுவதிலும், அல்லது அந்தப் பாகத்தின் வடிவத்திலேயே குறை இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றை மாற்றிக் கேட்கும் முன் ஆதாரத்தை அடுக்குங்கள். வெவ்வேறு இரண்டு கம்பெனி ஃபிலிமில் 12 படச் சோதனை. மார்க்கர் குறியோடு அந்தக் கழுவாத துண்டுகள். ஓரத்திலிருந்து கோட்டின் தூரம் மி.மீ.இல், கேட்டில் பஞ்சு இழை சிக்கி நிற்கும் நெருக்கமான படம், இரண்டு கேமராவின் வரிசை எண்களும். கழுவாத துண்டை அனுப்பினால் லேபின் மேல் பழி போட வழியே இல்லை. துண்டுகளில் பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளை மட்டும் அதுவரை கையில் எடுக்காதீர்கள்.