நன்றியை ஊட்ட முடியுமா? பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மூன்று வயது மகள் யார் எதைக் கொடுத்தாலும் ‘நன்றி’ சொல்ல மறுக்கிறாள். வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பிறர் மனத்தில் ஓடுவது குழந்தைகளுக்குத் தெளிவாகப் பிடிபடத் தொடங்குவதே ஏறத்தாழ நான்கு வயதில்தான். இப்போதைக்கு அவள் சார்பில் நீங்களே சொல்லுங்கள். கேட்டுக் கேட்டுப் படியும்.

கேள்வி: பத்து வயது மகன், கேட்டது உடனே கிடைக்காவிட்டால் கத்துகிறான். “உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறோம்” என்று சொல்லியும் பயனில்லை.

பதில்: முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். அது பிள்ளையைக் கடன்காரனாக்குகிறது. கடன் கொடுத்தவரைக் கண்டால் யாருக்கும் ஒளியத்தான் தோன்றும். அவன் கண்ணுக்குப் பொருள் தெரிகிறது, கொடுத்தவர் தெரியவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மாமா ஒரு புத்தகம் வாங்கி வந்தால், “உனக்கு இது பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேளுங்கள். அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்திருப்பார், அதனால் உனக்கு என்ன நன்மை என்றும் பேசுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோவும் சக ஆய்வாளர்களும் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் யோசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பிள்ளைகளின் நன்றியுணர்வு கூடியது. நன்றி அட்டைகளையும் அவர்கள் அதிகமாக எழுதினார்கள்.

கத்தலுக்கு மட்டும் இணங்காதீர்கள். பல முறை மறுத்துவிட்டு ஒரு முறை கொடுத்தாலும் போதும், பிடிவாதம் முன்னைவிட வலுத்துவிடும். மறுப்பைக் கோபமின்றிச் சொல்லுங்கள், மாற்றாதீர்கள்.

கேள்வி: வீட்டு வேலை செய்தால் காசு கொடுக்கலாமா?

பதில்: அன்றாட வேலைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உளவியலாளர்கள் வார்னெகன், டோமசெல்லோ இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், உதவிக்குப் பரிசுப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாய்ப் பாராட்டு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. தவிர, தானே துணி மடித்துப் பழகிய பிள்ளைக்குத்தான் மடித்துவைத்த துணிக்குப் பின்னாலுள்ள உழைப்பு தெரியும்.

கேள்வி: தாத்தாவும் பாட்டியும் பரிசுகளைக் குவிக்கிறார்கள்.

பதில்: தடுத்து மனத்தாங்கல் உண்டாக்க வேண்டாம். பொருளுக்குப் பதிலாக அவர்களது நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஏழைக் குழந்தைகளைக் காட்டி, “பார், உனக்கு எவ்வளவு இருக்கிறது” என்று புரியவைக்கலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இன்னொரு குழந்தையின் வறுமை நம் பிள்ளைக்குப் பாடப்பொருள் அல்ல. அதிலிருந்து குற்றவுணர்வோ, ‘நான் மேல்’ என்ற எண்ணமோதான் முளைக்கும். உதவ விரும்பினால், வேண்டாததைக் கழித்துக்கட்டாமல், அவர்களுக்கு என்ன தேவை என்று விசாரித்து, அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் உங்கள் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.